சுவரை மூடுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் சமையலறை வேலை பற்றி நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய டைல்ஸ் பெயர்த்தாயிற்று, காடி அடித்துக் குழாய் பதித்தாயிற்று, பூச்சுதான் பாக்கி. கொத்தனார் நாளைக்கே பூசிவிடலாம் என்கிறார், ஆசாரி அலமாரிக்கு அளவெடுக்க வரட்டுமா என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பேரையும் நிறுத்தி வை. கொத்தனாரை இரண்டு நாள், ஆசாரியை இரண்டு வாரமாவது.

முதலில் குழாய். ஒட்டிய இணைப்புகள் காய ஒரு முழு நாள் விடு. பிறகு எல்லா வாய்களையும் மூடியால் அடைத்து, வெந்நீர்க் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் ஏதாவது ஓரிடத்தில் ஒரு ஓஸால் இணைத்துவிட்டால் இரண்டையும் ஒன்றாகச் சோதிக்கலாம். தண்ணீரை நிரப்பிக் காற்றை வெளியேற்றிவிட்டு, கைப்பம்பால் வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றச் சொல். இரண்டு மணி நேரம் பம்பின் அழுத்தமானியில் முள் அசையக் கூடாது. ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் உள்ளே காற்று மிச்சமிருக்கிறது, மறுபடி ஏற்றிப் பார்க்கட்டும். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் கசிவுதான். குழாய் திரும்பும் ஒவ்வொரு எல்போ இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் துடைத்துப் பார், ஈரம் எங்கே என்று அதுவே காட்டும். காற்றடித்துச் சோதிக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அழுத்தக் காற்றில் பிளாஸ்டிக் குழாய் உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

இப்போது ஏழாவது படம். சிங்க் கழிவுக் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் டேப் பிடித்திருக்கிறாய், 52 செ.மீ. காட்டுகிறது. அது வெறுந்தரையிலிருந்து 52. இனி கலவை 4 செ.மீ., டைல் 1 செ.மீ. என்று தரை 5 செ.மீ. ஏறும், ஆக மிஞ்சுவது 47. மேடை உயரம் 86 என்று முடிவு செய்திருக்கிறாய். கல் 2 செ.மீ. போனால் 84, அதற்கடியில் தொங்கும் சிங்க்கின் ஆழம் 23 போனால் 61, சல்லடைக்கும் வளைகுழாய்க்கும் சுமார் 20 போனால் 41. தண்ணீர் 41-இல் வருகிறது, போக வேண்டிய வாய் 47-இல் இருக்கிறது! தண்ணீர் மேல்நோக்கி ஏறாதில்லையா? இதற்குச் சிலர் மடிப்பு மடிப்பான நெளிகுழாயை வளைத்து மாட்டிச் சமாளித்துவிடுவார்கள். அந்த மடிப்புகளில்தான் எண்ணெய்ப் பிசுக்கு தங்கி, சில மாதத்தில் நாற்றமும் அடைப்பும் வரும். இப்போதே வாயை 38-க்கு இறக்கச் சொல், அதாவது இன்றைய வெறுந்தரையிலிருந்து 43. இன்றைக்கு அரை நாள் வேலை. அலமாரி மாட்டிய பிறகு என்றால் அலமாரியைக் கழற்ற வேண்டும், டைலை உடைக்க வேண்டும்.

கழிவுக் குழாய்க்கு வாட்டம் மீட்டருக்கு 2 செ.மீ. இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து “இருக்கும்” என்று சொல்வதை ஏற்காதே. ரசமட்டத்தை வைத்துப் பார், பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிப் பார். இடித்த சல்லியும் சிமெண்டும் விழாமல் தரைத் துவாரத்தைத் துணிப்பந்தால் அடைத்திருக்கிறார்களா? படத்தில் தெரியவில்லை. இல்லையென்றால் இன்றே அடை.

எல்லோரும் தரையிலிருந்து அளப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். தரையே இன்னும் போடவில்லை, எந்தத் தரையிலிருந்து அளக்கிறார்கள்? பக்கத்து அறையின் முடிந்த தரையிலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் ஒரு குறி வை. ஒளி ஊடுருவும் ஓஸில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, அந்தக் குறியை நான்கு சுவருக்கும் கொண்டுபோய் நூலில் சாயம் தடவி ஒரு கோடு அடிக்கச் சொல். அதன்பின் எந்த வேலைக்காரருக்கும் அந்தக் கோடுதான் கணக்கு. மேடையின் மேல்மட்டம் கோட்டுக்குக் கீழே 14, சுவிட்ச் பெட்டி கோட்டுக்கு மேலே 10, சிம்னியின் அடிப்பாகம் கோட்டுக்கு மேலே 56. அடுப்புக்கும் சிம்னிக்கும் 70 செ.மீ. இடைவெளி அப்படித்தான் வரும். ஆனாலும் சிம்னியோடு வந்த தாளில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே சரி. பூச்சில் கோடு மறைந்துபோகும், பூசி முடித்ததும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும்.

மூலைமட்டமும் பார்த்துவிடு. மேடை திரும்பும் மூலையில் ஒரு சுவரில் 60, இன்னொரு சுவரில் 80 செ.மீ. குறித்துக் குறுக்கே அள. 100 வந்தால் மூலை சரி. 101 வந்தாலே, நேராக வெட்டிய கல் 60 செ.மீ. ஆழத்தில் ஒன்றேகால் செ.மீ. வாய் பிளந்து நிற்கும். பூச்சில் ஏற்றி இறக்கித் திருத்துவது இப்போது சுலபம், அதனால்தான் கொத்தனாருக்கு முன்னால் அளக்கச் சொல்கிறேன்.

மின்சாரத்தில் ஒன்றிரண்டுதான். மின்னடுப்பு 7 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 30 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி லைன், 6 சதுர மி.மீ. கம்பி. குளிர்சாதனப் பெட்டிக்கும் தனி லைன். ஒயர்க் குழாய்கள் நேர்மேலாகவோ நேர்ப்படுக்கையாகவோ மட்டும் போகட்டும். குறுக்கே சாய்வாகப் போனதை மறந்து ஒரு நாள் ட்ரில் போடுவாய்.

இதெல்லாம் முடிந்ததும், டேப்பைச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து வைத்துக்கொள். பிறகு பூசலாம்.

பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். ஈரச் சுவரில் பிளைவுட்டைச் சாத்தினால் பின்புறம் பூஞ்சை பூக்கும், அது தெரியவும் தெரியாது. தரையில் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, முதல் கை குறுக்கே என்றால் இரண்டாவது நெடுக்கே, சுவரில் 15 செ.மீ. ஏற்றி. அதன்மேல் டைல்ஸ். பாத்திரம் கழுவும் இயந்திரம் நிற்கும் இடத்திலும் டைல் போட்டே ஆக வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று அங்கே விட்டுவிட்டால், இயந்திரம் பள்ளத்தில் சிக்கி, கழற்ற நேரும்போது வெளியே வராது.

ஆசாரி வர வேண்டியது அப்போதுதான். அவரிடம் சொல்ல வேண்டியது: குழாய்க்காகப் பலகையில் துளை போட்டால், வெட்டுவாயை வண்ணமோ சிலிக்கானோ தடவி மூட வேண்டும். பலகை உப்புவது முகப்பிலிருந்து அல்ல, இந்த வெட்டுவாயிலிருந்துதான். மூலையில் இரண்டு இழுப்பறைகள் கைப்பிடியில் முட்டாமலிருக்க 5 செ.மீ. பட்டை விடட்டும். கல்லுக்கு அளவு அலமாரி மாட்டிய பிறகே. சிங்க் துளையின் உள்மூலைகள் கூராக இருந்தால் அங்கேதான் விரிசல் தொடங்கும், உருட்டி வெட்டச் சொல். இரண்டு கல் சேரும் இணைப்பு சிங்க்குக்கு நேராக வரவே கூடாது. கல்லின் முன்விளிம்புக்கு அடியில் ஒரு சிறு காடி இழுத்தால் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கதவுப் பலகைக்குப் போகாது.

நிறம், கைப்பிடி எல்லாம் உன் இஷ்டம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் மேடையும் சுவர் டைலும் சேரும் இடுக்கில் சிமெண்ட் வைக்க விடாதே. இரண்டும் வேறு வேறாக அசைகின்றன, சிமெண்ட் வெடித்துத் தண்ணீர் பின்னால் இறங்கும். 3 மி.மீ. விட்டுச் சிலிக்கான் போடு, ஒரு நாள் நனைக்காதே.

கழிவுக் குழாயை இறக்கியதும், டேப்போடு மறுபடி ஏழாவது படத்தை எடுத்து அனுப்பு. 43 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன், கொத்தனார் அப்புறம் கலவை குழைக்கட்டும்.

அன்புடன்,
அம்மா