திட்டு வாங்காத பிள்ளை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தம்பி பத்து நாள் வந்து கூடவே இருந்துவிட்டுப் போனான்.

அப்புறம், ஒரு படம் பார்த்தேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானில் யாசுஜிரோ ஓசு 1934இல் எடுத்த மௌனப் படம். ஆங்கிலத்தில் 'எ மதர் ஷுட் பி லவ்ட்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே திரைக்குப் பக்கத்தில் பென்ஷி என்ற கதைசொல்லி நின்று எல்லாருக்கும் குரல் கொடுப்பார். எனக்கு அந்தக் குரலும் இல்லை, இசையும் இல்லை. அம்மா அழுகிறாள், சத்தமே வரவில்லை. ராத்திரி தனியாக உட்கார்ந்து அதைப் பார்ப்பது லேசான காரியம் இல்லை.

மூத்தவன் சடாவோ. அப்பா சின்ன வயதிலேயே தவறிவிடுகிறார். கல்லூரியில் சேரும் நேரத்தில் தன் பிறப்புச் சான்றைப் பார்த்தவனுக்குத் தெரியவருகிறது, தான் அப்பாவின் முதல் மனைவி பெற்ற பிள்ளை என்று. இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் புத்தி சொல்ல, சமாதானமாகிறான். ஆனால் அதற்கப்புறம் அவன் கண்ணில் வேறொன்று பட ஆரம்பிக்கிறது. தம்பியை அம்மா கண்டிக்கிறாள். இவனிடம் மட்டும் இறங்கிப் போகிறாள். அந்தக் கூடுதல் அன்பே அவனுக்கு முள்ளாகிவிடுகிறது. அம்மாவின் மனம் நோகப் பேசி, வீட்டைவிட்டு வெளியேறி, யோகோஹாமாவில் ஒரு விலைமாதர் விடுதியில் போய்க் கிடக்கிறான். தேடி வந்த அம்மாவிடம் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் அங்கே தரை துடைக்கும் ஒரு கிழவிதான் அவன் மனசைத் திருப்புகிறாள். சோகோ ஈதா என்ற நடிகை. கொஞ்ச நேரம்தான் வருகிறார், மறக்கவே முடியாது.

படத்தின் முதல் சுருளும் கடைசிச் சுருளும் தொலைந்துவிட்டன. அந்த மூவரும் மறுபடி ஒரே வீட்டில் எப்படி இருந்தார்கள் என்பதை நாம் பார்க்க வழியில்லை. இந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோதே, அந்த ஏப்ரலில், ஓசுவின் அப்பா இறந்துபோனார். கல்யாணமே செய்துகொள்ளாத ஓசு, 1962இல் அம்மா இறக்கும்வரை அவரோடுதான் இருந்தார். அம்மா போன மறுவருஷம், தன் 60ஆவது பிறந்தநாளன்று அவரும் போய்விட்டார்.

சேகர், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பத்தாவதில் நான் கணக்கில் பெயிலாகி வந்த அன்று நீ என் கூடத்தான் வந்தாய். சித்தி ஒன்றுமே சொல்லாமல் நமக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அதே மாதம் தம்பி நாலு மார்க் குறைந்ததற்கு முதுகில் இரண்டு வாங்கினான். எனக்குத் திட்டு விழுவதே இல்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன். சடாவோ அவன் அம்மாவிடம் கண்டுபிடித்ததை நான் இந்த வயதில், ஒரு படம் பார்த்து, கண்டுபிடிக்கிறேன்.

ஆனால் சித்தி அப்போது பயந்திருப்பாரோ என்றும் தோன்றுகிறது. கை ஓங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று. ஆசையாகக்கூட அடிக்க முடியாமல் எத்தனை வருஷம் இருந்தாரோ. அவரிடம் இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நீ அந்த வீட்டை வெளியே இருந்து பார்த்தவன். அன்றைக்கு அடுப்படியில் அவர் முகம் எப்படி இருந்தது? ஞாபகம் இருப்பதை எழுது.

உன்,
ராமு