துறைத் தலைவரான நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. துறைத் தலைவர் பொறுப்பு உனக்கு வந்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இது உனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் நீ எழுதியிருந்த ஒரு வரியிலேயே என் மனம் நின்றுவிட்டது: "காலையிலிருந்து மாலைவரை பேசிக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனால் வேலை என்று எதையும் செய்த மாதிரியே இல்லை."

நான் ஓய்வு பெற்றபிறகு, புதிதாக மேற்பார்வையாளர் ஆனவர்களுக்கு வாரம் ஒருமுறை வகுப்பு எடுக்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா? அங்கே வருபவர்களிடமும் இதே குறையைத்தான் கேட்கிறேன். இத்தனை வருடம் உன் கையால் முடித்த வேலையைக் காட்டிப் பழகியவன் நீ. மாலையில் ஒரு வரைபடத்தையோ சரிசெய்த இயந்திரத்தையோ சுட்டிக் காட்டி 'இது நான் செய்தது' என்று சொல்ல முடிந்தது. இப்போது எல்லாம் மற்றவர்கள் கையால் நடக்கிறது. அதனால்தான் கை வெறுமையாக இருப்பதுபோல் படுகிறது. ஆனால் நீ நாள் முழுக்கச் செய்வதும் வேலைதான். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று இந்தக் கடிதத்தில் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சுக்காரர். சுரங்கப் பொறியாளராக வேலையில் சேர்ந்தவர். 1888இல் அவர் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது அவருடைய நிறுவனம் மூழ்கும் நிலையில் இருந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, 1918வரை அவரே நடத்தினார். நிறுவனம் மீண்டதற்குக் காரணம் அதை நடத்திய முறைதான் என்று உறுதியாக நம்பினார். அந்த முறையை 1916இல் எழுதி வெளியிட்டார். முன்கூட்டித் திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், ஆணையிட்டு நடத்துதல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல் என்று நிர்வாகத்தை ஐந்தாகப் பிரித்தார். பின்னால் வந்தவர்கள் இந்தப் பட்டியலைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். 1937இல் லூதர் குலிக் என்ற அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர் ஏழு என்றார். 1950களில் வந்த பாடப்புத்தகங்கள் ஆளெடுப்பைத் தனியாகப் பிரித்து, ஒருங்கிணைத்தலை மற்ற எல்லாவற்றிலும் கரைத்துவிட்டன. எண்ணிக்கையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உனக்கு முக்கியமானது ஃபயோல் போட்ட இன்னொரு கணக்கு. ஒவ்வொரு படிநிலையிலும் எந்தத் திறமை எவ்வளவு வேண்டும் என்று அவர் ஒரு அட்டவணை போட்டார். பெரிய நிறுவனத்தில் தொழிலாளிக்குத் தொழில்நுட்பத் திறமை நூற்றுக்கு 85 பங்கு, நிர்வாகத் திறமை 5 பங்கு. மேலே போகப் போக முதலாவது குறைந்து இரண்டாவது கூடிக்கொண்டே போகும். இவை அளந்து எடுத்த எண்கள் அல்ல, அவருடைய சொந்த மதிப்பீடுதான். ஆனாலும் திசை சரி. நீ இருபது வருடம் எதில் பெயர் எடுத்தாயோ, அது இன்றைக்கு உன் வேலையில் சிறு பகுதிதான். அதை யாரும் உன்னிடம் சொல்லவில்லை.

அடுத்து, உன் நாள் துண்டு துண்டாகப் போகிறது என்று எழுதியிருந்தாய். இதில் உனக்குத் துணை நிறையப் பேர். ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற கனடா நாட்டு நிர்வாகவியல் ஆய்வாளர் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து, 1973இல் அதைப் புத்தகமாக எழுதினார். அவர்கள் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. அமைதியாக உட்கார்ந்து திட்டமிடும் நிர்வாகி என்ற படம் அதோடு கலைந்தது. இதை வைத்து, ஃபயோல் சொன்னதெல்லாம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திட்டமிடுதலுக்கு ஒரு மணி நேரம், கட்டுப்படுத்துதலுக்கு ஒரு மணி நேரம் என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். அந்த ஒன்பது நிமிடங்களுக்குள்ளேதான் ஐந்தும் நடந்தாக வேண்டும்.

ஒரு உதாரணம் பார். உன் ஆள் ஒருவர் வந்து, "வெளியிலிருந்து வரவேண்டிய உதிரிபாகம் இரண்டு நாள் தாமதமாகும்" என்கிறார். "சரி, நான் பேசிக்கொள்கிறேன்" என்று அவரை அனுப்பிவிட்டால், அவருடைய வேலையை நீ வாங்கிக்கொண்டாய் என்றுதான் பொருள். அதற்குப் பதிலாக நாலு கேள்வி கேள். நம் அட்டவணையில் தாமதத்துக்கு இடம் விட்டிருந்தோமா? இது திட்டமிடுதல். அனுப்புகிறவரிடம் நேரே பேசி முடிவெடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? இது ஒழுங்கமைத்தல். தாமதம் ஆகும் என்று முதலில் எப்போது தெரிந்தது? இது கட்டுப்படுத்துதல். இப்போது என்ன செய்யலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? இது ஆளை நடத்துதல். ஐந்து நிமிடம் போதும். அப்புறம் அடுத்த முறை அதே ஆள் வரும்போது, இந்தக் கேள்விகளுக்குப் பதிலோடு வருவார்.

போட்ட திட்டம் ஒரு வாரம்கூட நிற்பதில்லை, பிறகு எதற்குத் திட்டம் என்று கேட்டிருந்தாய். ஃபயோலும் தன் முன்மதிப்பீடுகளைத் திருத்திக்கொண்டேதான் இருந்தார். நான் புதியவர்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: திட்டத்துக்குக் கீழே, அது எந்த அனுமானங்களின் மேல் நிற்கிறது என்று மூன்று நான்கு வரி எழுதி வை. 'இன்னார் விடுப்பில் போகமாட்டார்', 'மூலப்பொருள் இந்தத் தேதிக்குள் வந்துவிடும்' என்பது போல. திட்டம் உடையும்போது எந்த அனுமானம் பொய்த்தது என்று உடனே தெரியும். அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதும். அப்படி எழுதி வைக்காதவர்கள்தான் ஒவ்வொரு முறையும் முழுத் திட்டத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

எல்லாரும் எல்லாவற்றுக்கும் உன்னிடமே வந்து நிற்கிறார்கள் என்பதுதான் உன் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது. அது ஒழுங்கமைப்பில் உள்ள சிக்கல். அமெரிக்காவில் நியூயார்க் அண்டு ஈரி ரயில் பாதைக்குக் கண்காணிப்பாளராக இருந்த டேனியல் மெக்கல்லம் 1850களிலேயே இதைப் பிடித்துவிட்டார். 50 மைல் நீளப் பாதை என்றால் ஒரே கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் நேரில் கவனித்துக்கொள்ளலாம், எல்லா ஊழியரையும் அவருக்குத் தெரிந்திருக்கும். 500 மைல் பாதையில் நிலைமையே வேறு என்று அவர் எழுதினார். பெரிய பாதைகள் அதிகச் செலவில் ஓடியதற்கு, நீளத்துக்கு ஏற்ற அமைப்பு இல்லாததே காரணம் என்பது அவர் கருத்து. பாதையைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரைப் போட்டு, யாருக்கு என்ன அதிகாரம் என்று வரையறுத்தார். 1855இல் அதை ஒரு படமாகவும் வரைய வைத்தார். ஒரு மரம் மாதிரி இருக்கும் அந்தப் படத்தில் இயக்குநர் குழுவும் தலைவரும் அடியில் வேராக இருக்கிறார்கள், ரயில் பாதையின் பிரிவுகள் மேலே கிளைகளாக விரிகின்றன. இன்றைக்குத் தலைவரை உச்சியில் வைத்து வரையும் படங்களைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது. அன்றாட முடிவுகள் எங்கே நடக்கின்றனவோ அதுதான் அங்கே பெரிதாகத் தெரிகிறது.

நீ ஐந்து பேரோடு குழுத் தலைவராக இருந்தவன். இப்போது பதினாலு பேர். ஆள் மூன்று மடங்கு கூடக் கூடவில்லை, பிறகு ஏன் இவ்வளவு பாரம் என்று தோன்றும். கிராய்குனாஸ் என்பவர் 1933இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். ஒருவருக்குக் கீழே ஐந்து பேர் இருந்தால், தனித்தனியாகவும் கூட்டமாகவும் உருவாகக்கூடிய உறவுகள் 100. ஆறாவது ஆள் வந்து சேர்ந்ததுமே அது 222 ஆகிவிடும். இவை எல்லாம் தினமும் உயிர்ப்போடு இருக்கும் உறவுகள் அல்ல. இருந்தாலும் நீ உணரும் பாரம் கற்பனை இல்லை என்று இது சொல்கிறது. ஆகவே பதினாலு பேரையும் நேரடியாகப் பிடித்துக்கொண்டு இருக்காதே. மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு பகுதியைக் கொடு. கொடுக்கும்போது பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டு அதிகாரத்தை உன் மேசையில் வைத்துக்கொள்ளாதே. எவ்வளவு தொகைவரை அவர் கையெழுத்துப் போடலாம், யாருக்கு விடுப்புக் கொடுக்கலாம், எதை மட்டும் உன்னிடம் கேட்டாக வேண்டும் என்று எழுத்தில் கொடு. பக்கத்துத் துறையில் தனக்குச் சமமான நிலையில் உள்ளவரோடு அவர் நேரே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், உன்னிடம் சொல்லிவிட்டால் போதும். இந்தக் குறுக்கு வழியை ஃபயோலே பரிந்துரைத்திருக்கிறார், அதுவும் கட்டளை மேலிருந்து வரிசையாக இறங்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்!

அந்தச் சரியாக வேலை செய்யாத இளைஞரைப் பற்றி எழுதியிருந்தாய். முடிவெடுக்கும் முன், அவர் இதற்கு முன் எந்த வேலையில் இருந்தார், அங்கே எப்படி இருந்தார் என்று பார். ஒன்றில் கெட்டிக்காரராக இருந்தார் என்பதாலேயே இன்னொன்றில் போட்டிருக்கலாம். ஆளெடுப்பு என்பது காலியிடத்தை நிரப்புவதோடு முடிகிற காரியம் இல்லை. பயிற்சி, இடமாற்றம், அடுத்த நிலைக்குத் தயார்ப்படுத்துவது எல்லாம் அதில் சேர்ந்தவைதான்.

கட்டளையிடுவது உனக்குக் கூச்சமாக இருக்கிறது, அதுவும் நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களிடம். மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1920களில் சொன்னது இங்கே பயன்படும். ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குக் கட்டளையிடுவதைவிட, இருவரும் சேர்ந்து நிலைமையைப் படித்து, அது என்ன கேட்கிறது என்று கண்டுபிடித்து அதன்படி நடப்பது நல்லது என்றார் அவர். நீ அவர்களிடம் 'நான் சொல்கிறேன், செய்' என்று சொல்ல வேண்டியதில்லை. கையிருப்பு எவ்வளவு, கெடு எப்போது என்று முன்னால் வைத்துப் பேசு. பெரும்பாலும் நீ சொல்ல நினைத்ததை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கடைசியாகக் கட்டுப்படுத்துதல். எனக்கு மிகவும் பிடித்ததும், அதிகம் பேர் கெடுத்து வைத்திருப்பதும் இதுதான். ஆட்களை நெருக்குவதுதான் கட்டுப்பாடு என்று நினைக்கிறார்கள். முதலில் எது சரியான அளவு என்று முடிவு செய்வது, நடந்ததை அளப்பது, இரண்டையும் ஒப்பிடுவது, வித்தியாசம் இருந்தால் திருத்துவது, இவ்வளவுதான் அது. திருத்த வேண்டியது ஆளாக இருக்கலாம், கருவியாக இருக்கலாம், பல சமயம் நாம் போட்ட திட்டமாகவே இருக்கும்.

உன் மேலதிகாரி ஒவ்வொரு மாதமும் எண் சற்று இறங்கினால் கூட்டம் போட்டுக் கத்துகிறார், ஏறினால் பாராட்டுகிறார் என்றாயே, அதற்கு மருந்து 1924இலேயே வந்துவிட்டது. தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் ஒரு சிறு குறிப்பில் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்து காட்டினார். எந்த வேலையிலும் இயல்பாகவே ஒரு ஏற்ற இறக்கம் இருக்கும், அது அந்த முறைக்குள்ளேயே இருப்பது. அதைத் தாண்டி வெளியே போகும் புள்ளிக்குத்தான் தனிக் காரணம் தேட வேண்டும். இயல்பான ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் காரணம் கேட்டால், ஆட்கள் காரணங்களைத் தயாரிக்கக் கற்றுக்கொள்வார்கள். வேலை அப்படியே இருக்கும். சென்ற இரண்டு வருடத்து மாத எண்களை ஒரே தாளில் வரிசையாகப் புள்ளி வைத்துப் பார், பிறகு அதை உன் மேலதிகாரியிடம் பொறுமையாகக் காட்டு. நிறையக் கூட்டங்கள் தேவையற்றுப் போகும்.

அதோடு மாத இறுதி அறிக்கையை நம்பி இருக்காதே. அது வரும்போது தவறு நடந்து பல நாள் ஆகியிருக்கும். வேலை நடக்கும்போதே தெரியும்படியான ஒன்றிரண்டு அளவுகளைத் தேர்ந்தெடு. எத்தனை வேலை பாதியில் நிற்கிறது, எத்தனை திரும்ப வந்தது, இந்த இரண்டு போதும் தொடக்கத்துக்கு. அதைக் குழுவே எழுதட்டும், நீ எழுதாதே.

வாரத்தில் ஒருநாள் உன் மூன்று பொறுப்பாளர்களையும் ஒன்றாக உட்கார வை. ஃபயோல் துறைத் தலைவர்களின் வாராந்தரக் கூட்டத்தை மிகவும் நம்பினார், நானும் நம்புகிறேன். ஒருவர் எடுத்த முடிவு இன்னொருவரை எங்கே இடிக்கிறது என்பது அங்கேதான் வெளிவரும். நீ குறைவாகப் பேசு.

வீட்டில் எல்லாரும் நலம். மகளுக்கு அடுத்த மாதம் தேர்வு, அது முடிந்ததும் நாங்கள் உன் பக்கம் வருவதாக இருக்கிறோம். அதற்கு முன் ஒரு பதில் எழுது. அந்த மூன்று பேரை எப்படித் தேர்ந்தெடுத்தாய், எந்த அதிகாரத்தைக் கொடுத்தாய், எதைக் கொடுக்க மனம் வரவில்லை என்று விவரமாக எழுது. கடைசியில் சொன்னதைப் பற்றித்தான் நாம் நேரில் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்