குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களே, வணக்கம்.

அக்காவுக்கு ஒரு கிட்னி கொடுக்கலாம் என்று போனேன். ஸ்கேன் எடுத்தவர் வயிற்றில் ஜெல்லைத் தடவி, ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை கருவியை ஓட்டினார். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார். திராட்சைக் கொத்து மாதிரி கறுப்பு வட்டங்கள், இரண்டு கிட்னியிலும். கொடுக்கப் போனவன் நோயாளியாகத் திரும்பினேன். அப்போது வயது 36.

அதற்கு ஆறு வருடம் முன்பே எனக்கு பிரஷர் வந்துவிட்டது. "வீட்டில் யாருக்காவது சுகர், பிரஷர், ஹார்ட் பிரச்சினை உண்டா?" என்று கேட்டார் மருத்துவர். அப்பாவுக்கு பிரஷர் என்றேன், குறித்துக்கொண்டார். அப்பா டயாலிசிஸில் இருந்து இறந்தவர் என்று நானும் சொல்லவில்லை. பிரஷருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் அது வெறும் 'கிட்னி பெயிலியர்'. எதனால் என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டு நோயின் பெயர் பாலிசிஸ்டிக் கிட்னி நோய், கிட்னியில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய். அது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதற்குக் காரணமான முக்கிய மரபணுவை 1994லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரியாததா? எங்களுக்குத்தான் தெரியாது.

என்னிடம் பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்று இருக்கிறது. கிட்னி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவு நார்மல். அதை நம்பி நிம்மதியாக இருந்தேன். நீர்க்கட்டிகள் வளர வளர, மிச்சமிருக்கும் நல்ல பகுதி கூடுதலாக உழைத்து அந்த எண்ணைப் பல வருடம் ஏறவிடாமல் வைத்திருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. பிரஷர் அதற்கு முன்பே ஏறிவிடுகிறது.

சின்ன வயதிலேயே காது மந்தமாகி, பிறகு கிட்னியும் போன மாமா, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்த சித்தப்பா என்று சில வீடுகளில் தனித்தனிக் கதைகள் இருக்கும். முன்னது, காதையும் கிட்னியையும் பாதிக்கும் ஆல்போர்ட் என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். பின்னதற்கு எங்கள் நோயும் காரணமாகலாம். அவற்றை ஒன்றாகக் கோக்க உங்களால்தான் முடியும்.

மரபணுப் பரிசோதனைக்கு எல்லோரையும் அனுப்பச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. ஆனால் ஒருவருக்கு நோய் என்று எழுதும்போதே, "கூடப்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்" என்று சொல்லலாமே. அக்காவிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பிரஷரை ஒழுங்காகக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பேன். மாத்திரையை நினைத்தால் போட்டு, மறந்தால் விட்டு வருடங்களை ஓட்டியிருக்க மாட்டேன்.

முப்பது வயதுக்காரர் ஒருவர் பிரஷரோடு உங்கள் எதிரே வந்து உட்கார்ந்தால், வழக்கமான மூன்றோடு கிட்னியையும் சேர்த்துக் கேளுங்கள். அப்பாவும் அம்மாவும் எதனால் இறந்தார்கள் என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவன்