பாப்பாவுக்கு, கற்றாழை பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டபோது அப்பா என் பக்கத்தில் இருந்தார். உன் பக்கத்திலும் அறையில் ஆள் இருந்திருக்கும். "ஆச்சிகிட்ட கேட்டு ஏதாவது நாட்டு மருந்து சொல்லும்மா" என்றாய். "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அப்படி வைத்திருக்கக் கூடாது. நாலு நாளாகப் பிறப்புறுப்பில் அரிப்போடு ஆபீஸ் போய் வருகிற பிள்ளைக்கு அது பதிலா? போனில் சொல்ல முடியாததை எழுதிவிடுகிறேன்.

நீ தப்பு எதுவும் செய்யவில்லை, சுத்தக் குறைவும் இல்லை. இது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நாலு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது அது வருகிறது. கேண்டிடா என்கிற அந்தப் பூஞ்சை நம் உடம்பிலேயே குடியிருப்பதுதான். அங்கே இருக்கிற லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா புளிப்பைச் சுரந்து அதை அடக்கி வைத்திருக்கும். தொண்டை வலிக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன் என்றாயே, அந்த மாத்திரை இந்தக் காவலையும் சேர்த்துக் கொன்றிருக்கும். அநேகமாக அங்கேதான் தொடங்கியிருக்கும்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

2004-இல் உனக்கு மூன்று வயது. எனக்கு வெள்ளைபட்டு, அரிப்பில் ராத்திரி தூக்கம் போய்விட்டது. ஆச்சியிடம்தான் சொன்னேன். "உடம்புச் சூடுட்டீ, விட்டா எலும்பு உருகிப் போயிரும்" என்றாள். கொல்லையில் கற்றாழை வெட்டி, தோலைச் சீவி, சோற்றை ஏழு தண்ணீரில் அலசி, கருப்பட்டி போட்டு விடியற்காலம் வெறும் வயிற்றில் கையில் கொடுப்பாள். அப்படி அலசுவதில் விவரம் இருக்கிறது. வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கிப் பேதியாக்கும். ஆச்சிக்கு அது தெரியும். ஒரு நாள் தவறாமல் நாற்பது நாள் கொடுத்தாள். கழுவப் படிகாரத் தண்ணீர். அது தோலை வறட்டி, வெடிப்பு விட்டு, ஒன்றுக்குப் போனால் உயிர் போகும்.

மூன்றாவது மாதம் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். பார்த்துவிட்டுப் பூஞ்சை என்றார். அதோடு நிற்காமல் ரத்தம் எடுக்கச் சொன்னார். வெறும் வயிற்றில் சர்க்கரை 210. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இந்தப் பூஞ்சை திரும்பத் திரும்ப வருமாம். நானோ தினமும் கருப்பட்டி தின்றுகொண்டிருந்தேன். ஆச்சி கொடுத்தது அத்தனையும் பாசம். ஆனால் என் நோயின் பெயர் எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் உனக்கு மருந்தைச் சொல்லுமுன் நோயைக் கண்டுபிடி என்கிறேன்.

எல்லா வெள்ளைபடுதலும் நோய் இல்லை. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, வாடை இல்லாமல் வருவது இயல்பு. அதனால் எலும்பு எதுவும் உருகாது. தயிர்த்திப்பி போலக் கட்டியாக வந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. நீர்த்த சாம்பல் நிறத்தில், மீன் கவிச்சையோடு வந்தால் பாக்டீரியா கணக்குத் தப்பியிருக்கிறது. அதற்குப் பூஞ்சை மருந்து கேட்காது. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்கிற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உடலுறவில் தொற்றுவது, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள். ஒன்றுக்கொன்று அடையாளம் கலந்தும் வரும். அதனால் நீயாக முடிவு கட்டாதே.

பூண்டுப் பல்லை உள்ளே வைத்தால் போதும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். வைக்கவே வைக்காதே. பச்சைப் பூண்டு கைத்தோலையே புண்ணாக்கிவிடும், அந்த மெல்லிய தோல் என்ன ஆகும்? வேப்பிலைக்கும் பூண்டுக்கும் பூஞ்சையை அடக்கும் சக்தி உண்டு என்று சோதனைச் சாலையில் பார்த்திருக்கிறார்கள்தான். அதற்காக உடம்புக்குள் அதே வேலையைச் செய்யும் என்று ஆகாது. மஞ்சள், படிகாரம், வேப்பெண்ணெய், வாசனை போட்ட கழுவும் திரவம் எதுவும் உள்ளே போக வேண்டாம். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே நல்ல பாக்டீரியா குலைந்து போகும். வெளியே வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சோப்பும் வேண்டாம். நன்றாக அலசிய கற்றாழைச் சோற்றை வெளித்தோலில் மட்டும் தடவினால் குளுகுளுவென்று இருக்கும். எரிந்தால் உடனே கழுவிவிடு. தயிர் சாப்பிடு, வயிற்றுக்கு நல்லது. அதையே மருந்தென்று நம்பிக் காத்திருக்காதே. பருத்தி ஜட்டி போடு, இறுக்கமான ஜீன்ஸை இந்த வாரம் எடுத்து வை.

மருந்துக் கடையில் "அரிப்புக்கு" என்று கேட்டால் ஒரு ட்யூப் எடுத்துக் கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்கிற பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாள் அடங்கி, பிறகு இரண்டு மடங்காகக் கிளம்பும். டாக்டர் பூஞ்சைதான் என்றால் க்ளோட்ரிமசோல் மாத்திரையை உள்ளே வைக்கச் சொல்வார், இல்லையென்றால் 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் ஒன்று விழுங்கச் சொல்வார். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். ஒரு சர்க்கரைப் பரிசோதனையும் கேட்டு எடுத்துவிடு, என் பிள்ளை ஆயிற்றே நீ. அடிவயிறு வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ ரத்தம் கலந்து வந்தாலோ அன்றைக்கே போ.

நாட்டு மருந்துதான் வேண்டும் என்று மனசு சொன்னால் நான் தடுக்க மாட்டேன். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இலிருந்து இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கூட்டிக்கொண்டு போகிறேன், படித்த மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். பெயர் ஒட்டாத பொட்டலப் பொடி மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. டாக்டர் "கல்யாணம் ஆயிட்டா?" என்று கேட்பார். அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் என்னைக் கேட்ட தொனியில் நான் கூசிப்போனேன். உன்னையும் அப்படிக் கேட்டால் கூசாதே. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கும் பூஞ்சை வரும். என்னிடம் சொல்லாத ஏதாவது உன் வாழ்க்கையில் இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல். எந்தச் சோதனை, எந்த மருந்து என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டு என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும், விழுங்குகிற அந்த மாத்திரை அப்போது ஆகாது. என்னிடம் எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொன்னால் போதும். நான் கோபப்பட மாட்டேன்.

நாளைக்கே போ. தனியாகப் போகச் சங்கடமாக இருந்தால் ஒரு வார்த்தை சொல், ராத்திரி வண்டியில் ஏறி விடிய பெங்களூரில் இறங்கிவிடுவேன். அப்பாவிடம் உன்னைப் பார்க்கத் தோன்றியது என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா