பூனை வளர்க்கிற வீட்டுக்கு என்ன தரை?

காரைக்குடி

அன்பு மகள் வள்ளிக்கு, அப்பச்சி எழுதுவது.

புது ஃபிளாட் முழுக்க ஆத்தங்குடிக் கல் பதிக்கணும்னு நீ சொன்னதில் ஆத்தாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா ரெண்டு பூனையும் உன்னோட வருதே. ஹாலுக்கும் சாமி ரூமுக்கும் மட்டும் அதைப் போடும்மா.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகிறதில்லை. கண்ணாடி மேல சாயக் கலவை ஊத்தி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணியில் ஊறவச்சு இறுக்குறது. கண்ணுக்குத் தெரியாத துளை நிறைய. பூனை மூத்திரம் அதில் இறங்கினா கறையும் வாடையும் லேசில் போகாது. தேங்காயெண்ணெய் மினுமினுப்புதான் தரும், ஈரத்தைத் தடுக்காது. பதிச்சு நல்லாக் காய்ஞ்சதும் சீலர், அதான் கல்லுக்குள்ளே ஊறி ஈரம் இறங்காம தடுக்கிற திரவம், ரெண்டு கோட் அடிக்கச் சொல்லு. அதுக்கு முன்னாடி எண்ணெய் தேய்க்க விடாதே, சீலர் பிடிக்காது. பிறகு அப்பப்போ ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாரு. முத்தா நின்னா சரி, சில நிமிஷத்தில் அந்த இடம் கறுத்தா மறுபடி அடிக்கணும்.

பூனை மூத்திரம் போக மண் தட்டு வைக்கிற மூலை, சமையல்கட்டு, பால்கனிக்கு மேட் பினிஷ் விட்ரிஃபைட் டைல்ஸ். தண்ணி உறிஞ்சுறது 0.5 சதவீதத்துக்கு மேல இருக்காது. பளபள டைல்ஸ்ல பூனை ஓடித் திரும்பும்போது கால் வழுக்கும்.

டைல்ஸைவிட ஜாயின்ட்தான் முக்கியம். எவ்வளவு நல்ல டைல்ஸ் போட்டாலும் நடுவில் ஒயிட் சிமெண்ட் தீத்தினா மூத்திரம் அதில் ஊறி நாறும். அந்த வாடை இருக்கிறவரை பூனை அங்கேயே திரும்பப் போகும். டைல்ஸுக்கு நடுவில் இடைவெளி சமமா இருக்க 3 மி.மீ. ஸ்பேசர் வச்சு, டைல்ஸ் ஒட்டுற பசை இறுக ஒரு நாள் விட்டு, ஜாயின்டைச் சுரண்டித் தூசி தட்டி எபாக்ஸி கிரவுட் போடணும். அது தனித்தனியா வர்ற பொருள்களைக் கலந்து ஜாயின்டை அடைக்கிற, ஈரம் உறிஞ்சாத கலவை. பாக்கெட்டைப் பிரிச்சுக் கண்ணளவில் கலந்தா இறுகாம பிசுபிசுன்னு நிக்கும். முழு பாக்கெட்டையும் கலந்து, சின்னச் சின்ன இடமா முடிச்சு, மேலே படிஞ்சதை உடனே துடைக்கணும். காய்ஞ்சிட்டா எடுக்கிறது பெரும்பாடு. ஸ்கர்ட்டிங்கும் (சுவரடியில் ஒட்டுற டைல்ஸ் பட்டை) தரையும் சேர்ற மூலையை விட்டுடுவாங்க. பக்கத்தில் நின்னு பாத்துக்க.

லேமினேட் மரத்தரை வேண்டாம். இணைப்பில் ஈரம் போனா ஓரம் உப்பிக்கும்.

சுத்தம் பண்ணப் பினாயிலைத் தொடாதே. பாதத்தில் ஒட்டினதைப் பூனை நக்கும், அதில் இருக்கிற பினால்ங்கிற ரசாயனத்தைக் கழிக்க அதோட ஈரலால முடியாது. மூத்திரத்து மேல பிளீச் ஊத்தினா விஷவாயு வரும். வினிகர், எலுமிச்சை ஆத்தங்குடிக் கல்லை அரிச்சிடும். துணியால ஒத்தி எடுத்து, மூத்திர வாடையைச் சிதைக்கிற என்சைம் கிளீனர் ஊத்தி, 15 நிமிஷம் ஈரமாவே விட்டுத் துடை.

மண் தட்டு எங்கே வைக்கப்போறேன்னு முடிவு பண்ணி அந்த மூலையோட அளவை அனுப்பு. எபாக்ஸி எத்தனை கிலோன்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்.

அப்பச்சி