தருமபுரி, கிருஷ்ணகிரி கேஷுவாலிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்: தலை அடிபட்ட கேஸ் சீட்டுல ஜிசிஎஸ்ஸ (எவ்ளோ நினைவா இருக்காருன்னு போடற ஸ்கோர்) நேரம் போட்டு எழுதி அனுப்புங்க

ரெண்டு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர்களுக்கும், தாலுகா ஆஸ்பத்திரி, பிஎச்சி, தனியார் ஆஸ்பத்திரின்னு கேஷுவாலிட்டி டூட்டி பாக்குற டாக்டர்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

நான் எமர்ஜென்சி வார்டு ஸ்டாஃப் நர்ஸ். நம்ம பக்கம் தலை அடிக்கு பஞ்சமே இல்லங்கறது உங்களுக்கே தெரியும். தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி ஓசூர் ஹைவே, இது போக புளி உலுக்க மரம் ஏறி விழுந்தவங்க, எருது விடற விழாவுல மாடு தூக்கிப் போட்டவங்க, ஹெல்மெட்ட டேங்க் மேல வெச்சுக்கிட்டு ஓட்டுன பசங்கன்னு வந்துக்கிட்டே இருக்காங்க. வர்றவங்க கையில இருக்கற சீட்டப் பாத்தா நெறைய சீட்டுல ஒரே வரிதான். 'ஆர்டிஏ, ஹெட் இன்ஜுரி, ரெஃபர்ட் டு ஹையர் சென்டர்', அதாவது ரோடு விபத்து, தலை அடி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். கீழ ஒரு சீலு, புரியாத ஒரு கையெழுத்து. எத்தன மணிக்குப் பாத்தீங்க, அப்போ பேசினாரா, கை கால ஆட்டினாரா, கண்ணு பாப்பா ரெண்டும் ஒரே அளவா இருந்துச்சா, எதுவும் இருக்காது.

இத நான் ஏன் இவ்ளோ பெருசா பேசறேன்னா, ஜிசிஎஸ்ங்கறது ஒரே ஒரு தடவ பாத்து முடிக்கற மார்க் இல்லங்க. 1974ல கிளாஸ்கோவுல டீஸ்டேலும் ஜென்னட்டும்னு ரெண்டு டாக்டருங்க கண்ணு, பேச்சு, அசைவுன்னு (இப்போ கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15) பிரிச்சு வெச்சதே திரும்பத் திரும்ப பாத்து ஏறுதா இறங்குதான்னு கண்டுபிடிக்கத்தான். ஏழு மணிக்கு உங்ககிட்ட 14 இருந்தவரு எட்டரைக்கு எங்ககிட்ட 10ல வந்தா உள்ள ரத்தம் கட்டிக்கிட்டே போகுதோன்னு சந்தேகப்படணும், அவர ஸ்ட்ரெச்சரோட அப்படியே சிடி ஸ்கேனுக்கு தள்ளிட்டுப் போயி அதே நேரத்துல நியூரோ சர்ஜனுக்கு போன் போடணும். ஆரம்பத்துல இருந்தே 10ன்னா கதை வேற. ரெண்டுல எதுன்னு சொல்ல வேண்டியது உங்க சீட்டு, அதுல வெறும் வெள்ளைதான் இருக்கு. கூட வந்த தம்பிய கேட்டா, "அங்க நல்லாதான் மேடம் பேசிக்கிட்டு இருந்தாரு, வண்டியிலதான் தூங்கிட்டாரு"ம்பாரு. காதுக்கு மேல பொட்டுல அடிபட்டு, அங்க ஓடற ரத்தக்குழாய் கிழிஞ்சு, எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தம் சேரறப்போ சில பேருக்கு சரியா இப்படித்தான் இருக்கும், நல்லா எழுந்து உக்காந்து டீ கூட குடிச்சிருப்பாங்க, அப்புறம் சரிவாங்க. நேரத்துக்கு ஆபரேஷன் நடந்தா பிழைச்சு நடந்து வீட்டுக்குப் போக நல்ல வாய்ப்பு உள்ள கேஸ் இது, அதனாலதான் மனசு ஆறமாட்டேங்குது.

எழுதறப்போ மொத்தமா 10ன்னு போடாதீங்க, ஈ 3 வி 2 எம் 5ன்னு (ஈன்னா கண்ணு, வின்னா பேச்சு, எம்னா அசைவு) பிரிச்சுப் போடுங்க, ஏன்னா அதே 10 ஈ 2 வி 2 எம் 6ஆவும் வரும், ரெண்டும் ஒண்ணு கிடையாது, அசைவு ஸ்கோர் ஒரு பாயிண்ட் இறங்கினாலும் உஷாராகணும். பக்கத்துல மணி, பாப்பா சைஸ், பிபி, ஆக்சிஜன் அளவு, சுகர். மூச்சுக்கு ட்யூப் போட மருந்து குடுத்திருந்தா அதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கோர். இத எழுத ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

குடி வாசன வந்தா போதும், "போதையில இருக்காரு, தெளிஞ்சா சரியாயிடும்"னு ஓரமா படுக்க வெச்சுடறாங்க, இத நான் பல எடத்துல பாத்துட்டேன். குடிச்சவனுக்கும் மண்டைக்குள்ள ரத்தம் கட்டும்ங்க, சொல்லப்போனா அவன்தான் தலைக்கு கைய குடுக்காம விழறான். ஸ்கோர் குறைவா இருந்தா தலை அடின்னே வெச்சுப் பாருங்க, சாராயத்து மேல பழி போடறது கடைசியாத்தான். குறட்டையும் அப்படித்தான். சம்சாரம் பக்கத்துல உக்காந்து முந்தானையால விசிறிக்கிட்டு, "இப்பதான் அசந்து தூங்கறாரு, எழுப்பாதீங்கம்மா"ன்னு சொல்லும், அவரு வாயில வாந்தியும் ரத்தமும் நின்னு நாக்கு பின்னாடி விழுந்து மூச்சுக்குழாய் அடைச்சிருக்கும். அது தூக்கம் இல்ல. தாடைய முன்னாடி தூக்கி, வாயில நிக்கறத சக்ஷன் போட்டு உறிஞ்சி எடுத்து ஆக்சிஜன் வெச்சா அந்த கர்கர் சத்தம் நின்னுடும், நீல உதடு கொஞ்சம் கொஞ்சமா செவக்கறது கண்ணு முன்னாடியே தெரியும்.

முதல் அடிய நம்மளால திருப்ப முடியாது. ரெண்டாவது அடி மூச்சு இல்லாம, பிபி இல்லாம மூளைக்கு விழறது, அத தடுக்கறது நம்ம கையிலதான் இருக்கு. ஆக்சிஜன் 90க்கு கீழ போகவிடாதீங்க, மேல் பிபி 90க்கு கீழ போகவே கூடாது, இன்னும் மேலயே இருக்கட்டும். பெரியவங்களுக்கு பிபி இறங்கினா அத தலை அடி மேல போடாதீங்க, வயித்துலயோ இடுப்பு எலும்புலயோ தொடையிலயோ ரத்தம் போகுதான்னு தேடுங்க. நார்மல் சலைன் போடுங்க, டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) வேணாம், சுகர் குறைஞ்சிருந்தா மட்டும் குடுங்க. ஸ்கோர் 8 இல்ல அதுக்கு கீழன்னா மூச்சுக்குழாய அவராலயே காப்பாத்திக்க முடியாது, ட்யூப் போடத் தெரிஞ்சவங்க இருந்தா போட்டு அனுப்புங்க, இல்லன்னா சக்ஷன் தெரிஞ்ச ஆள கூட ஏத்தி விடுங்க. கழுத்துக்கு காலர். காதுலயோ மூக்குலயோ தண்ணி மாதிரி ஒழுகினா பஞ்சு வெச்சு அடைக்காதீங்க, மூக்கு வழியா ட்யூபும் விடாதீங்க. இன்னும் சில எடத்துல தலை அடின்னதும் டெக்ஸாங்கற ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பறாங்க, ஸ்டீராய்டு குடுத்தா சாவு அதிகமாகுதுன்னு கிராஷ் ஆய்வு 2004லயே சொல்லிடுச்சு, தயவு செஞ்சு நிறுத்துங்க. ரத்தக்கசிவ குறைக்கற ட்ரானெக்ஸமிக் ஆசிட் குடுக்கறதா இருந்தா அடிபட்ட மூணு மணி நேரத்துக்குள்ள, குடுத்த நேரத்த அதே சீட்டுல எழுதுங்க. தலையில பொளந்த காயம் ரத்தமா கொட்டி எல்லாரையும் பயமுறுத்தும், அழுத்திக் கட்டுங்க போதும், அழகா தையல் போடறேன்னு அரை மணி நேரத்த விடாதீங்க.

இன்னொண்ணு. 13, 14ல வந்து "வீட்டுக்குப் போறோம்"னு கையெழுத்து போட்டுட்டு போறவங்க. பென்னாகரம், அஞ்செட்டி மலை கிராமத்துக்குப் போயிட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி எடுத்தா 108 மேல ஏறி வரதுக்குள்ள விடிஞ்சுடும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடற பெரியவங்க, ஒரு தடவைக்கு மேல வாந்தி எடுத்தவங்க, ரெண்டு மணி நேரம் ஆகியும் 15க்கு வராதவங்க, இவங்கள சிடி எடுக்காம அனுப்பாதீங்க. மத்தவங்களுக்கு என்னென்ன பாக்கணும்னு ஒரு அட்டை குடுங்க, தமிழ்ல மட்டும் போதாது, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசற வீடுதான் நெறைய.

பணத்துக்கு பயந்து வண்டியத் திருப்பறவங்களுக்கும் சொல்லுங்க, 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரியில முதல் 48 மணி நேரம் இலவசம், எந்த மாநிலத்து டிரைவரா இருந்தாலும் சரி. ஓசூர்ல இருந்து மூளை, நரம்பு வைத்தியத்துக்கான நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி கிட்டன்னு நேரா பெங்களூருக்கு வண்டிய விடறவங்க, மூச்சையும் பிபியையும் சரி பண்ணிட்டு, அங்க போன்ல சொல்லிட்டு விடுங்க.

இணை இயக்குநர் சார், மேடம், உங்ககிட்ட கேக்கறது ரெண்டு. ரெண்டு மாவட்டத்துக்கும் ஒரே மாதிரி ரெஃபர் சீட்டு அடிச்சுக் குடுங்க, அதுல ஈ, வி, எம், மணி, பாப்பா எல்லாத்துக்கும் தனித்தனி கட்டம் இருக்கட்டும், அரை மணிக்கு ஒருக்கா எழுத நாலஞ்சு வரிசையும் விடுங்க. மாசாந்திர ரிவ்யூ மீட்டிங்ல எத்தன கேஸ் அனுப்பினீங்கன்னு கேக்கறதோட அந்த சீட்டையே ஒரு கட்டு எடுத்து மேஜை மேல வெச்சு, எத்தனையில கட்டம் காலியா இருக்குன்னு அங்கயே எண்ணச் சொல்லுங்க. ட்ரெய்னிங் வெச்சீங்கன்னா நைட் டூட்டி முடிச்சுட்டு நேரா வந்து சொல்லிக் குடுக்க நான் ரெடி, எங்க வார்டுல இன்னும் சிலரும் ரெடியா இருக்காங்க.

இப்படிக்கு,
எமர்ஜென்சி வார்டு ஸ்டாஃப் நர்ஸ், தருமபுரி மாவட்டம்