திகதி போகமுன் கேள், மகள்

மெல்பேர்ண்
2025 ஒக்டோபர்

அன்புள்ள மகளுக்கு,

பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தின் படத்தை உன் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. இங்கே எல்லாருக்கும் பெரிய சந்தோசம். ஒஸ்திரேலியாவில் கம்பஸில் சட்டதிட்டம் எப்படி, பிரச்சினை ஒன்று வந்தால் ஆரிட்டப் போறது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். மாணவர் உதவி மேசையில் நாளாந்தம் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவள் என்பதால் சின்னம்மா விபரமாக எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் வாசிக்கட்டும், அவர்களுக்கென்று ஒரு விசயமும் இடையில் இருக்கு.

ஊரில் வந்தாறுமூலைக் கம்பஸிலோ ஒலுவில் கம்பஸிலோ படிக்கிற பிள்ளைக்குச் சிக்கல் வந்தால் சீனியரைக் கேட்கலாம், துறைத்தலைவரின் வாசலில் போய் நிற்கலாம், வீட்டிலிருந்து ஒருவர் வந்து கதைக்கலாம். இங்கேயும் வாசலில் நின்றால் அன்பாகத்தான் பேசுவார்கள். ஆனால் கடைசியில் "படிவம் நிரப்பியாச்சா?" என்பார்கள். எல்லாம் எழுத்தில், எல்லாவற்றுக்கும் ஒரு கடைசித் திகதி. எங்கட பிள்ளைகள் பாடத்தில் தடுக்கி விழுவதை விடத் திகதியில் தடுக்கி விழுவதுதான் கூட.

அதனால் பல்கலைக்கழகம் தருகிற மின்னஞ்சலை வந்த அன்றே போனில் பதிந்துகொள். எச்சரிக்கை, கட்டணம், விசாரணை எல்லாம் அதற்குத்தான் வரும். "நான் பார்க்கவில்லை" என்பது எந்த மேன்முறையீட்டிலும் எடுபடாது. நீ எழுதும்போது மாணவர் இலக்கம், பாடக் குறியீடு, எந்த ஒப்படை (அசைன்மென்ட்) என்பவற்றைத் தலைப்பிலேயே போடு. விரிவுரையாளரைப் பெயர் சொல்லி எழுதுவது இங்கே மரியாதைக் குறைவில்லை. முதல் இரண்டு கிழமை கை கூசும், பிறகு பழகிவிடும்.

இனி நான் கூடுதலாகச் சொல்ல வேண்டியது, சுகவீனம் வந்தால் என்ன செய்வது என்பது. ஒப்படை கொடுக்கிற நாளிலோ பரீட்சையிலோ காய்ச்சல், விபத்து, ஊரில் ஒரு மரணம் என்று வந்தால் "ஸ்பெஷல் கொன்சிடரேஷன்" என்ற விண்ணப்பம் இருக்கு. இணையத்தில் மாணவர் பக்கத்துக்குள் போய், எந்த ஒப்படை, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை பாதிப்பு என்று நிரப்பி, ஆதாரத்தை ஏற்ற வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் இதற்கு மூன்று வேலைநாள்தான் தவணை. கிடைத்தால் ஒப்படைக்கு மேலதிக நாள் தருவார்கள், அல்லது பரீட்சையைப் பிறகு வைப்பார்கள். புள்ளி கூட்டித் தர மாட்டார்கள், அதை எதிர்பார்த்து எழுதாதே.

இது அதிகம் தள்ளுபடியாவது மெடிக்கல் சான்றிதழில்தான். ஒரு சான்றிதழை மனக்கண்ணில் வைத்துப் பார். ஒப்படைத் திகதி 14. மாணவிக்கு 13ஆம் திகதி காய்ச்சல். பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருந்து, சுகமான பிறகு 17ஆம் திகதி வைத்தியரிடம் போகிறாள். வைத்தியர் "17ஆம் திகதி பார்த்தேன், தனக்கு 13இலிருந்து காய்ச்சல் என்று சொன்னார்" என்று எழுதுகிறார். அந்தத் தாளில் வைத்தியர் கண்ணால் கண்டது 17ஆம் திகதியை மட்டும். மற்றதெல்லாம் மாணவி சொன்னது, அதை ஏற்க மாட்டார்கள். ஆகவே எழும்ப முடியாவிட்டாலும் அன்றைக்கே தொலைபேசி வழியாவது வைத்தியரிடம் கதை. சான்றிதழில் பார்த்த திகதி, "படிப்புக்கு இயலாது" என்ற சொல், தொடக்கத் திகதி, முடிவுத் திகதி நான்கும் இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே சரிபார். நோயின் பெயர் எழுத வேண்டிய அவசியமில்லை.

இன்னொன்று. காய்ச்சலோடு போய்ப் பரீட்சை எழுதிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்காதே. பரீட்சைக்கு உட்கார்ந்தால் சுகமாக இருந்ததாக நீயே சொன்னது போலக் கொள்ளும் விதி சில பல்கலைக்கழகங்களில் இருக்கு. "எப்படியும் எழுதிவிடு, விடாதே" என்று ஊரில் சொல்லி வளர்த்த பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

களவு என்ற பேச்சு வரும்போது எங்கட பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தி "நான் பார்த்தெழுத மாட்டேன்" என்பார்கள். உண்மைதான். ஆனால் இங்கே களவென்று எண்ணப்படுவதன் எல்லை அகலம். ஏ.எல்லில் நோட்ஸைப் பாடமாக்கி அப்படியே எழுதினால் கெட்டிக்காரி. இங்கே ஒருவரின் வசனத்தில் மூன்று சொல்லை மாற்றிப் போட்டு, கீழே அவர் பெயரைக் குறிப்பிட்டாலும், மேற்கோள் குறி இல்லாவிட்டால் குற்றம்தான். மூலத்தை மூடிவைத்துவிட்டு, விளங்கியதை உன் வசனத்தில் எழுதி, பிறகு திறந்து சரிபார்த்து, எங்கிருந்து எடுத்தாய் என்று குறி.

ஒப்படையை ஏற்றியதும் ஒப்புமை அறிக்கை ஒன்று வரும். உன் பக்கத்தில் வேறெங்கும் இருக்கிற வரிகள் நிறம் நிறமாகத் தெரியும், மேலே ஒரு சதவீதம் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். 30 சதவீதத்தில் பெரும்பகுதி உசாத்துணைப் பட்டியலும் கேள்வித் தாளின் வசனமுமாக இருந்தால் ஒன்றுமில்லை. 8 சதவீதம்தான், ஆனால் ஒரே பந்தி முழுக்க ஒரே நிறம் என்றால் கடிதம் வரும். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முந்தி ஏற்றிப் பார்க்க விடுகிற பாடங்களில் அந்த வசதியைப் பாவி.

குப்பி, அதாவது கூடிப் படிப்பது பற்றியும் சொல்ல வேணும். நாலு பேர் சேர்ந்திருந்து ஒருவர் விளங்கப்படுத்துவது இங்கேயும் நல்ல விசயம், கேள்வியை அலசுங்கள், பலகையில் எழுதுங்கள். ஆனால் தனியாகச் செய்ய வேண்டிய ஒப்படையில் எழுதிய கோப்பு கை மாறக் கூடாது. "மாதிரி பார்க்கத் தா" என்று கேட்டு வாங்கினவளும் கொடுத்தவளும் சேர்ந்தேதான் விசாரணைக்குப் போவார்கள். கொடுத்தவளுக்குத்தான் எனக்கு மனம் நோகும். உதவி என்று நினைத்துச் செய்திருப்பாள்.

செயற்கை நுண்ணறிவை எவ்வளவு பாவிக்கலாம் என்பது பாடத்துக்குப் பாடம் வேறு. ஒப்படைத் தாளிலேயே எழுதியிருக்கும், எழுதாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டு அந்தப் பதிலை வைத்திரு. எல்லா ஒப்படையையும் திருத்த வரலாறு பதிவாகிற கோப்பில் எழுது. சந்தேகம் வந்தால் வாய்மொழியாக விளக்கச் சொல்வார்கள். உன் குறிப்புகளும் பழைய வரைவுகளுமே உனக்குச் சாட்சி.

காசுக்கு ஒப்படை எழுதித் தருவோம் என்று வாட்ஸ்அப்பில் வருவார்கள், தமிழிலும் வருவார்கள். 2020இல் கொண்டுவந்த சட்டப்படி இப்படி விற்பது இங்கே குற்றம், இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. அந்தச் சட்டம் மாணவரைச் சிறைக்கு அனுப்பாது, ஆனால் பல்கலைக்கழகம் விலக்கலாம். அதைவிடக் கொடுமை, ஒருமுறை வாங்கினவரை "கம்பஸுக்குச் சொல்லிவிடுவோம்" என்று மிரட்டித் திரும்பத் திரும்பக் காசு பறிக்கிறார்கள்.

குற்றச்சாட்டுக் கடிதம் எப்போதாவது வந்தால் அன்றிரவே அழுதழுது பதில் எழுதாதே. மாணவர் சங்கத்தில் மாணவர்களுக்காகப் பேசும் ஆலோசகர் இருப்பார். இலவசம், பல்கலைக்கழக நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. கடிதத்தையும் வரைவுகளையும் அவரிடம் கொண்டுபோ. விசாரணைக்குத் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகவும் கேட்கலாம். தவறு செய்திருந்தால் செய்தேன் என்று சொல்வதே நல்லது. முதல் தடவை, சிறிய பிழை என்றால் பெரும்பாலும் எச்சரிக்கையோ புள்ளிக் குறைப்போதான். பொய்யை இன்னொரு பொய்யால் மூடினவர்களே பெரிய தண்டனைக்குப் போனார்கள்.

பரீட்சை மண்டபத்தில் போன் அணைத்திருந்தாலும் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. கல்குலேட்டர் அனுமதித்த வகைதானா என்று முந்தியே பார்.

வீசாவோடு பிணைந்த விதிகள் சில. பாடங்களில் தொடர்ந்து தவறினால் "குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்கப் போகிறோம்" என்று எழுத்தில் வரும். அதிலிருந்து 20 வேலைநாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். பிள்ளைகள் வெட்கத்தில் அந்தக் கடிதத்தைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் பாடப் பதிவு உறுதியாகும் சென்சஸ் திகதிக்கு முன் விலகலாம், முதலாம் செமஸ்டருக்கு அது பெரும்பாலும் மார்ச் 31. ஆனால் வெளிநாட்டு மாணவி பாடம் குறைக்கச் சர்வதேச மாணவர் பிரிவின் அனுமதி வேண்டும், முதலில் அவர்களிடம் கேள். வீடு மாறினால் ஏழு நாளுக்குள் பல்கலைக்கழகத்துக்குப் புதிய முகவரி கொடு.

மாணவர் வீசாவில் வேலை இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம் வரைதான். இதை எண்ணுவதில்தான் பிழைக்கிறார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு புதிய பதினாலு நாள் தொடங்கும். முதல் கிழமை 15, இரண்டாம் கிழமை 30, மூன்றாம் கிழமை 30 என்று வைத்துக்கொள். முதல் இரண்டும் 45, சரி. இரண்டாவதும் மூன்றாவதும் 60, விதிமீறல். செமஸ்டர் விடுமுறையில் இந்த எல்லை இல்லை. படிப்பு தொடங்கமுன் வேலை தொடங்கவே கூடாது.

மனம் சோர்ந்தால் கம்பஸ் உளவள ஆலோசகரிடம் போ. காசில்லை, சான்றிதழிலோ பெறுபேற்றுத் தாளிலோ அது வராது, உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாமல் பொதுவாக வேறு யாருக்கும் சொல்ல மாட்டார்கள். நடு இரவென்றால் 13 11 14 லைஃப்லைன், உயிராபத்தென்றால் 000. தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450க்கு எடுத்து மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மெடிக்கல் இன்சூரன்ஸ் உன் வீசாவின் நிபந்தனை. வைத்தியரிடம் இடம் எடுக்கும்போதே "இந்தக் கம்பனிக்கு நேரே பில் அனுப்புவீர்களா" என்று கேள், இல்லாவிட்டால் முதலில் நீ கட்டிவிட்டுப் பிறகு திருப்பி எடுக்க வேண்டிவரும்.

அப்பா, அம்மா, இது உங்களுக்கு. பிள்ளைக்கு 18 தாண்டிவிட்டால் நீங்கள் காசு கட்டினாலும் பல்கலைக்கழகம் உங்களோடு புள்ளியும் பேசாது, சுகமும் பேசாது. போன் எடுத்தால் "மகளின் எழுத்து அனுமதி வேண்டும்" என்பார்கள். கோபிக்க வேண்டாம், சட்டம் அப்படி. அவள் ஒரு பாடம் தவறினால் உங்களுக்குச் சொல்லப் பயப்படாத மாதிரி இப்போதே கதைத்து வையுங்கள்.

மகள், உனக்கு ஆஸ்துமா இருக்கிறதால் வந்த முதல் கிழமைகளிலேயே இயலாமை உதவிப் பிரிவில் பதி. பெயரைப் பார்த்துப் பின்வாங்காதே. நீரிழிவு, வாசிப்புச் சிரமம், மனச்சோர்வு எல்லாம் அதற்குள் வரும், இயலாமையைக் காட்டி ஒதுக்குவதைத் தடுக்கும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தருகிற உரிமை அது. பரீட்சைக்கு மேலதிக நேரம், தனி அறை போன்றவற்றை அவர்கள் திட்டமாக எழுதித் தருவார்கள். ஆனால் பதிந்த நாளிலிருந்துதான் செல்லும், பின்னோக்கிச் செல்லாது.

பகிடிவதைக்கு எதிராக எங்கட நாட்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருந்தும் பிள்ளைகள் வாய் திறக்கப் பயப்படுவது உனக்குத் தெரியும். இங்கே எவராவது தொட்டாலோ, பின்தொடர்ந்தாலோ, நிறத்தைச் சொல்லி இழிவாகக் கதைத்தாலோ கம்பஸின் பாதுகாப்புப் பிரிவில் சொல். பாலியல் வன்முறை என்றால் 1800 737 732, எந்த நேரமும். சொல்வதும் முறையிடுவதும் இரண்டு வேறு விசயம். சொல்லிவிட்டு உதவியை மட்டும் எடுக்கலாம், முறைப்பாடு செய்வதா என்பது உன் தீர்மானம்.

பல்கலைக்கழகமே பிழை செய்தால் முதலில் உள்ளேயே முறைப்பாடு, அதன் பிறகு தேசிய மாணவர் ஒம்புட்ஸ்மன், அதாவது மாணவர் முறைப்பாடுகளை வெளியிலிருந்து விசாரிக்கும் அலுவலகம். 2025 பெப்ரவரி 1இல்தான் தொடங்கியது, கட்டணமில்லை, வெளிநாட்டு மாணவரும் போகலாம். புள்ளியை மாற்றித் தர மாட்டார்கள். விதிப்படி நடந்தார்களா என்று பார்ப்பார்கள்.

இனி ஊரில் செய்ய வேண்டியது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கிளினிக் கொப்பியைப் பிரதி எடுத்து, வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கு. மருந்தின் பெயரைக் கம்பனிப் பெயராக எழுதாமல் மருந்துப் பெயராக எழுதச் சொல். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடு. எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி மின்னஞ்சலிலும் போட்டு வை. மாரி மழை இறங்கமுன் மூலப் பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைக்கச் சொல்லு அம்மாவிடம்.

இன்ஹேலர் இரண்டைக் கைப்பைக்குள் வை, சூட்கேசுக்குள் போடாதே.

அன்புடன்,
சின்னம்மா